தோம்பில் ஏறிய விசுவாசம்



நெடுந்தீவுக்குப் போய்வந்தவர்கள் அங்கேயுள்ள கல்வேலிகளை மறந்திருக்க மாட்டார்கள். சாந்து பூசாமல் முருகைக்கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய வேலிகள் அவை. அந்தத் தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் டெல்ஃப்ட். நமது தீவுகளுக்கெல்லாம் அவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு ஆம்ஸ்ரர்டாம், அனலைதீவு றொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். மற்றவை பழைய வரைபடங்களோடு பெரும்பாலும் மங்கிவிட, டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வரும். பெயரிட்டவர்களுக்கு அது நினைவில் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஊர்ப்பற்றிலே வைத்த பெயர்கள்தான். ஆனால் அந்த வழக்கின் மனிதர்கள் பிறந்ததும், போதித்ததும், சண்டையிட்டதும், சிறைப்பட்டதும் இதே பெயருள்ள ஊர்களைச் சுற்றித்தான்.

வழக்கு இதுதான். மனிதன் தன் நற்கிரியைகளால் அல்ல, விசுவாசத்தினால் மட்டுமே கடவுள்முன் நீதிமானாகிறான் என்று சீர்திருத்தச் சபையார் போதித்தார்கள். நல்லது. அப்படியானால் அந்த விசுவாசம் எத்தகையது? நம்புவதும் மனிதன் செய்கிற ஒரு செயல்தானே? அதைக் கணக்கில் வைத்துத்தான் கடவுள் மோட்சம் தருகிறார் என்றால், தானதருமத்தை வெளியே தள்ளிவிட்டு இன்னொரு கிரியையை வாசல்வழியே உள்ளே அழைத்து வந்ததாகாதா?

கேள்வி நூலளவிலானது அல்ல. பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில், ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக ‘எண்ணப்பட்டது’ என்ற கருத்து வருகிறது. எண்ணுதல் என்பது கணக்கப்பிள்ளையின் சொல். யோவான் சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்திலோ, நாங்கள் என்ன கிரியைகளைச் செய்யவேண்டும் என்று கேட்ட கூட்டத்திற்கு, விசுவாசிப்பதுவே அந்தக் கிரியை என்ற பொருளில் இயேசு விடை தருகிறார். இரு கட்சியாரும் இந்த இரண்டு இடங்களையும் விட்டுவிலக முடியவில்லை.

ஆர்மீனியுஸ் என்பவர் 1588 முதல் ஆம்ஸ்ரர்டாமிலே போதகராயிருந்து, 1603இல் லைடன் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியராக வந்தவர். அவர் சொன்னார்: எண்ணப்பட்டது என்றால் விசுவாசமே எண்ணப்பட்டது, அது நிறைவற்றதுதான், ஆயினும் கடவுள் கிருபையினாலே கிறிஸ்துவின் பொருட்டு அதை நீதியாக ஏற்றுக்கொள்கிறார். அவருக்கு முன்பே லைடனில் இருந்த பேராசிரியர் கோமாருஸ் இதைக் கேட்டுக் கொதித்தார். நம்முடைய பேச்சிலே சொல்வதானால், நூறு ரூபாய் கடன்பட்டவனிடம் கடன்கொடுத்தவர் மனமிரங்கி, ஒரு சதத்தை வாங்கிக்கொண்டு கணக்கைத் தீர்க்கிறார் என்பது ஆர்மீனியுஸ் கட்சி. ஒரு சதமானாலும் அது விலைதான். கடனை முழுவதும் கட்டியவர் வேறொருவர், உன் கை வெறுங்கை என்பது கோமாருஸ் கட்சி. கிணற்றிலே அமிழ்த்திய குடம் தண்ணீரை ஏந்துகிறது. தண்ணீரை உண்டாக்குவதுமில்லை, அதற்கு விலை கொடுப்பதுமில்லை. விசுவாசம் அந்தக் குடம். உவர்நீர்க் கிணறுகள் மலிந்த தீவுகளிலே இந்த உவமை எளிதில் விளங்கும்.

தமிழறிந்தவர்களுக்கு இந்த விவாதம் புதிதாகப் படாது. குட்டியைத் தாய்ப்பூனை வாயிலே கவ்விக்கொண்டு போவதையும், குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்வதையும் காட்டி வைணவர் வாதிட்டது இதே பொருளைத்தான். சரணாகதியைக்கூட உபாயம் என்று எண்ணலாகாது, உபாயம் இறைவனே என்பது பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார் நிலை. சரணாகதி ஒரு வியாஜமாகவேனும் வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழி. காஞ்சியிலும் சீரங்கத்திலும் இது பேசப்பட்டு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் லைடனில் அதே கேள்வி எழுந்தது. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றதற்கு ஆதாரம் எதுவுமில்லை. அருளை முழுமையாக நம்பத் தொடங்குகிற எந்தச் சமயமும் இந்தச் சந்தியிலே வந்து நிற்கவேண்டியிருக்கிறது போலும்.

ஆனால் வைணவர் மணிப்பிரவாளத்தில் எழுதித் தீர்த்துக்கொண்டதை ஒல்லாந்தர் வாளாலே தீர்த்தார்கள். ஆர்மீனியுஸ் 1609இல் இறந்தார். கோமாருஸ் 1611இல் லைடனை விட்டு மிடில்பேர்க்குக்குப் போனார். அரசியற் பகை இதனுடன் கலந்தது. 1618 நவம்பரில் டோர்ட் நகரிலே கூடிய பெருஞ்சங்கம் 1619 மே வரை இருந்து ஆர்மீனியுஸ் கட்சியைக் கண்டித்தது. விசுவாசத்தையே நியாயப்பிரமாணத்தின் நிறைவான கீழ்ப்படிதலாகக் கடவுள் கருதுகிறார் என்ற போதனை, அந்தச் சங்கம் பெயர்சொல்லி விலக்கிய தவறுகளில் ஒன்று. சுமார் 200 போதகர்கள் பதவி இழந்தார்கள். அக்கட்சியை ஆதரித்த முதுபெரும் அரசியல்வாதி ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே 13ஆம் திகதி ஹேக் நகரிலே தலைவெட்டுண்டார். டெல்ஃப்டிலே பிறந்து றொட்டர்டாமிலே உத்தியோகம் பார்த்த குரோசியஸ், சட்டம் படித்தவர்களெல்லாம் அறிந்த அதே குரோசியஸ், ஆயுட்சிறை பெற்றார். 1621இல் மனைவியின் தந்திரத்தினால் புத்தகப்பெட்டிக்குள்ளே ஒளிந்து தப்பினார் என்பது தனிக்கதை. சிறையிலே அவர் ஒரு நீண்ட செய்யுள் எழுதினார். கீழைத்தேசங்களுக்குக் கப்பலேறுகிற ஒல்லாந்த மாலுமிகள் வழியிலே படித்து, அந்நிய நாட்டாரிடம் தங்கள் சமயத்தை எடுத்துச்சொல்ல உதவவேண்டும் என்பது அதன் நோக்கம். நமது துறைமுகங்களுக்கு வந்த யாராவது ஒருவன் அதைக் கொண்டுவந்திருக்கக் கூடும்.

அதே 1619இல்தான் பறங்கித் தளபதி ஒலிவேரா சங்கிலி மன்னனைப் பிடித்து யாழ்ப்பாண இராச்சியத்தை முடித்துவைத்தான் என்பதையும் இடையிலே நினைத்துக்கொள்வோம்.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையே கடல்நடுவில் நிற்கும் கோட்டையைக் குடிநீர் இல்லாமற் செய்து பிடித்தார்கள். பின்னர் யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்தது. படையோடு வந்த போதகர் பிலிப்பு பால்தேயஸ் டெல்ஃப்டிலே பிறந்தவர். லைடனிலே இறையியல் படித்தவர். டோர்ட் சங்கத்தின் தீர்ப்பு அவர் காலத்து மாணவனுக்குப் பாலோடு ஊட்டப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் பறங்கியர் விட்டுச்சென்ற கோயில்களையும் அவற்றோடு சேர்ந்த பள்ளிக்கூடங்களையும் அவர் பொறுப்பேற்றார். ஓரளவு தமிழும் கற்றார். 1672இல் வெளிவந்த அவருடைய பெருநூலிலே தமிழ் எழுத்துக்களும் கர்த்தர் கற்பித்த செபத்தின் தமிழும் அச்சாகியிருப்பதை இலக்கிய வரலாற்று மாணவர்கள் அறிவார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. விசுவாசம் வெறுங்கை, அதற்கு விலையில்லை என்று படித்துவந்தவர்கள் கொம்பனியின் ஊழியர்கள். கொம்பனிக்கோ எண்ணாத பொருள் ஒன்றுமில்லை. யானை, சாயவேர், பனைமரம், தலைவரி எல்லாவற்றுக்கும் ஏடு உண்டு. தோம்பு என்ற சொல்லை நமது காணி வழக்குகளிலே இன்றும் கேட்கிறோமல்லவா? காணிக்குத் தோம்பு வைத்தவர்கள் பள்ளிக்கூடத்துக்கும் தோம்பு வைத்தார்கள். ஞானஸ்நானமும் விவாகமும் அதிலே உபாத்தியாயரால் பதியப்பட்டன. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்குத் தண்டம். சபையின் முறைப்படி பதியாத விவாகத்துக்குச் சட்டத்தின் அங்கீகாரம் இல்லை. அங்கீகாரமில்லாத விவாகத்திலே பிறந்த பிள்ளைக்கு முதுசம் சிக்கல். முதலியார் பதவிக்கும் ஞானஸ்நானம் வேண்டும். 1663இல் யாழ்ப்பாணத்திலே 62,000க்கு மேற்பட்ட கிறிஸ்தவர்கள் இருந்ததாகப் பால்தேயஸ் கணக்குத் தருகிறார்.

வேலணையிலோ புங்குடுதீவிலோ ஒரு விவசாயி வினாவிடையை மனனஞ்செய்து ஒப்பித்து, தலையிலே தண்ணீர் வார்க்கப்பெற்று, வீட்டுக்கு வந்து திருநீறு பூசிக்கொண்டிருந்தால் அவனை நான் குறைசொல்ல மாட்டேன். அவன் செய்தது ஒரு கிரியை. அதற்குக் கூலி காணியுறுதி. டோர்ட் சங்கம் வாசலிலே தடுத்த அந்தக் கிரியையை டோர்ட் சங்கத்தின் பிள்ளைகளே நமது தீவுகளிலே அரியாசனத்தில் ஏற்றினார்கள். பலர் பெயரளவிலேதான் கிறிஸ்தவர்கள் என்பது பால்தேயசுக்கும் தெரிந்தே இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. அவரை வேடதாரி என்று தள்ளிவிட என்னால் முடியாமலிருப்பதற்கு அதுவே காரணம்.

மறுபுறத்தைப் பாருங்கள். கத்தோலிக்கர் கிரியையை நம்புகிறவர்கள் என்பது சீர்திருத்தச் சபையாரின் பழைய குற்றச்சாட்டு. விசுவாசம் நீதியின் வேரென்றும், அன்பில்லாமல் அது நிறைவாகாதென்றும் 1547இல் திரெந்து சங்கம் வகுத்தது அவர்கள் கொள்கை. 1658ஆம் ஆண்டுப் பிரகடனப்படி கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தவனுக்கு மரணதண்டனை விதிக்கலாம். அந்த நிலையிலே 1687இல் கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து, சுவாமி யோசே வாஸ் யாழ்ப்பாணம் வந்தார். கூலியாள் உடையிலே, கழுத்திலே செபமாலையோடு, வீடுவீடாகப் பிச்சையெடுத்துக்கொண்டு வந்தார். செபமாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறதோ அவர்களே தம்மவர் என்பது அவருடைய கணக்கு. சில்லாலையிலே அவரை மறைத்துவைத்துக் காத்தார்கள். அவர்களுக்குத் தோம்பிலே கிடைப்பது எதுவுமில்லை. இழப்பதற்கோ உயிர்வரை இருந்தது. ‘கிரியைக்காரர்’ என்று பழிக்கப்பட்டவர்களிடத்திலே கூலியில்லாத விசுவாசத்தைக் காணவேண்டியதாயிற்று. வாஸ் சுவாமி 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பிலே புனிதராக அறிவிக்கப்பட்டார்.

1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் தண்டமும் பதவி நிபந்தனையும் தளர்ந்தன. 1806இல் வந்துபார்த்த கிளாடியஸ் புக்கானன் என்ற போதகர், பெரிய கோயில்கள் மேய்ப்பரின்றிக் கிடப்பதையும், கோவாக் குருமார் ஊக்கமாக உழைப்பதையும் எழுதிவைத்தார். தோம்பிலே ஏறிய ஆயிரக்கணக்கானோர் சைவர்களாகவே வாழ்ந்தார்கள். ஊர்காவற்றுறை, கரம்பன், நாரந்தனைப் பகுதிகளிலே இன்றும் கத்தோலிக்கம் வேரோடியிருக்கிறது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் வேதாகமத்திலே நற்செயலுக்கு இட்ட சொல் ‘கிரியை’. யாழ்ப்பாணத்துச் சைவர் காதிலே அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்? சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு பாதங்களிலே இரண்டாவதாக விழுந்திருக்கும்; அல்லது அந்தியேட்டிக் கிரியையாக விழுந்திருக்கும். கிரியையினாலே மோட்சமில்லை என்று போதகர் முழங்கியபோது, நம்மவர் பூசையைத்தான் பழிக்கிறார் என்று எண்ணியிருப்பார்கள். பாதி சண்டை மொழிபெயர்ப்பினால் வந்ததோ என்று எனக்கு ஓர் ஐயம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நெடுந்தீவுக்குப் போகும் படகிலே ஒரு முதியவள் என்னருகே இருந்தாள். கச்சதீவு அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து மகன் சுகப்பட்டானாம். மெழுகுதிரிக் கட்டு மடியிலே இருந்தது. “நேர்த்தி வைச்சதாலையோ ஆச்சி சுகம் வந்தது, இல்லாட்டி நம்பினதாலையோ?” என்று குறும்பாகக் கேட்டுவைத்தேன். அவள் என்னை ஏறஇறங்கப் பார்த்தாள். “ரெண்டாலையுமில்லைத் தம்பி. அவர் தந்தவர். தந்தவருக்கு நான் சும்மா இருக்கேலுமே?” என்றாள். ஒல்லாந்தர் போற்றிய ஹைடல்பேர்க் வினாவிடை, நற்செயல்களை எல்லாம் ‘நன்றியறிதல்’ என்ற மூன்றாம் பகுதியிலேதான் வைத்திருக்கிறது. அந்த ஆச்சி கத்தோலிக்கப் பெண். அந்த நூலின் பெயரையும் கேட்டிருக்க மாட்டாள்.

இந்த வழக்கு பின்னர் தமிழ் உரைநடையிலேயே நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலே கத்தோலிக்கர் பக்கத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியும், சீர்திருத்தச் சபையின் பக்கத்தில் யாழ்ப்பாணத்துப் போதகர் பிலிப்பு தெ மெல்லோவும் எழுதினார்கள். மெல்லோவின் ‘சத்தியத்தின் செயம்’ 1753இல் வந்தது. அந்த நூல்களின் நடையைப் பற்றிப் பிறிதொரு நாளிலே பேசுவோம்.