வீட்டு கராஜில் கார் லிஃப்ட்: வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே லிஃப்ட் போட்டு, காரை தாங்களே சர்வீஸ் செய்பவர்கள் பலர். ஆனால், ஒன்றரை டன் கார் தலைக்கு மேல் நிற்கும்போது அதைத் தாங்குவது எது? ஹைட்ராலிக் என நினைத்தால் தப்பு!

லாக்: ஹைட்ராலிக் வேலை காரைத் தூக்குவது மட்டும்தான். சீல் கசிந்தாலோ, ஹோஸ் வெடித்தாலோ கார் இறங்கிவிடும். தாங்கிப் பிடிப்பது தூணில் உள்ள இரும்பு லாக்தான். தூக்கிய பிறகு கொஞ்சம் இறக்கி, எல்லா தூணிலும் லாக் மேல் உட்கார வைக்கணும்.

லேபிள்: ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிடியூட்டின் தங்க நிற சான்று லேபிள் இருக்கிறதா பாருங்க. சான்று தரப்படுவது கம்பெனிக்கு அல்ல, ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக. அந்த அமைப்பின் இணையதளப் பட்டியலில் மாடல் பெயரைச் சரிபார்க்கலாம்.

தரை: இரண்டு தூண் லிஃப்ட் முழுக்க ஆங்கர் போல்ட்டை நம்பியே நிற்கிறது. குறைந்தது 4 அங்குல தடிமன், 3,000 பி.எஸ்.ஐ. வலிமையுள்ள கான்கிரீட்டை பல தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். விரிசல் பக்கத்தில் போல்ட் அடிக்கக் கூடாது. நான்கு தூண் லிஃப்டில் எடை பரவுவதால், வீட்டுக்கு அது எளிது.

எடை: 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோ லிஃப்ட் என்றால், நான்கு கைகளில் ஒவ்வொன்றும் தாங்குவது 2,500 பவுண்டுதான். முன்பாரம் அதிகமுள்ள பிக்கப் வண்டிக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

விலை குறைவு என்று வாங்கலாம். ஆனால், லாக் மேல் உட்காராத காருக்கு அடியில் மட்டும் போகாதீங்க!