இல்லாத காலுக்கு ஒரு வரலாறு

1866 ஜூலை மாதம் அமெரிக்காவின் ‘அட்லாண்டிக் மந்த்லி’ சஞ்சிகையில் ஜோர்ஜ் டெட்லோ என்ற ஒருவரின் கதை வந்தது. எழுதியவர் பெயர் போடப்படவில்லை. டெட்லோ உள்நாட்டுப் போரில் உதவி வைத்தியராக இருந்தவர். முதலில் வலது கை போகிறது. பிறகு சிக்கமோகா சண்டையில் இரண்டு கால்களும் போகின்றன. கடைசியில் ஆஸ்பத்திரியில் தொற்றிய அழுகல் நோயால் மிஞ்சிய கையும் போகிறது. கால்களை வெட்டிய பிறகு மயக்கம் தெளிந்து எழும்பும் டெட்லோ, இடது கெண்டைக்கால் பிடித்து இழுக்குது, கொஞ்சம் தேய்த்துவிடு என்று பக்கத்தில் நின்ற பணியாளரிடம் கேட்கிறார். அவர் போர்வையைத் தூக்கிக் காட்டுகிறார். அங்கே காலே இல்லை.

கதையில் எங்களைப் பிடித்து நிறுத்தியது அதற்குப் பிறகு வரும் பகுதி. நான்கு உறுப்புகளும் போனபின், தன்னைப் பற்றிய உணர்வே குறைந்துகொண்டு போகிறது என்கிறார் டெட்லோ. பக்கத்தில் இருப்பவரிடம், நான் உண்மையிலேயே ஜோர்ஜ் டெட்லோதானா என்று கேட்க வேண்டும்போல் சில வேளை இருந்ததாம். உடம்பில் எவ்வளவு குறைந்தால் ‘நான்’ என்பதில் எவ்வளவு குறையும்? மதங்களும் மெய்யியலும் காலங்காலமாகக் கேட்டுவந்த கேள்வியை ஒரு போர்க்கால ஆஸ்பத்திரிக் கட்டில் திரும்பக் கேட்டது.

சனம் அதை உண்மைக் கதை எண்டே நம்பிவிட்டது. டெட்லோவைத் தேடிப் பிலடெல்பியா ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் போனார்கள். அவருக்கென்று காசும் சேர்த்தார்கள். ஆனால் டெட்லோ என்று ஒருவர் இருந்ததே இல்லை. கதையை எழுதியவர் சைலஸ் வியர் மிட்செல் என்ற நரம்பு வைத்தியர். போர்க்காலத்தில் பிலடெல்பியாவின் டேர்னர்ஸ் லேன் ஆஸ்பத்திரியில் நரம்புக் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்தவர்.

1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் வெட்டப்பட்ட கை, கால்கள் சுமார் 60,000 என்று மதிப்பிடுகிறார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குண்டு மெல்லிய ஈயம். எலும்பில் பட்டால் எலும்பைத் தூளாக்கிவிடும். கிருமி பற்றிய அறிவு சத்திரசிகிச்சைக்கு இன்னும் வந்து சேரவில்லை. வெட்டுவதுதான் வழி. அப்படி வெட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ எல்லோருமே மிட்செலிடம் ஒரே விசயத்தைத்தான் சொன்னார்கள்: இல்லாத கை இருக்கிறது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி, நகம் சதையில் குத்துகிறது. குளிர் காலத்தில் இல்லாத பாதம் விறைக்கிறது. ஒருவருக்கு அந்த உணர்வு மறைந்துபோயிருந்தது. எஞ்சிய கைப்பகுதியின் நரம்புக்கு மின்சாரம் கொடுத்ததும், இழந்த கை திடீரென்று திரும்பி வந்ததுபோல் அவர் கத்தினார்.

மிட்செல் எழுதத் தெரியாதவர் இல்லை. 1864இலேயே இரண்டு சக வைத்தியர்களோடு சேர்ந்து நரம்புக் காயங்கள் பற்றி நூல் வெளியிட்டவர். பிறகேன் பெயரில்லாத கதைக்குள் ஒளிய வேண்டும்? சிப்பாய்கள் சொன்னதை அப்படியே மருத்துவ நூலில் எழுதினால் சக வைத்தியர்கள் சிரிப்பார்கள் என்று அவர் பயந்திருக்கலாம் என்பதுதான் எங்கட வாசிப்பு. கதையின் முடிவைப் பார்த்தால் அந்தப் பயம் விளங்கும். ஆவிகளை அழைக்கும் ஒரு கூட்டத்தில் டெட்லோவின் கால்கள் இரண்டும் ‘வருகின்றன’. அவர் கண்ணுக்குத் தெரியாத கால்களால் சில அடி நடந்து பின் விழுகிறார். அந்தக் கால்களுக்கு நூதனசாலை இலக்கங்களும் உண்டு: 3486, 3487. சிப்பாய்கள் சொன்னதைப் பதிவுசெய்த கையோடு, பகிடி என்று சொல்லித் தப்புவதற்கும் மிட்செல் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.

அவர் தன் பெயரைப் போட்டு இதைப் பற்றி எழுத 1871 ஆனது. அதுவும் ‘லிப்பின்கொட்ஸ்’ என்ற பொதுச் சஞ்சிகையில்தான். ‘பேன்டம் லிம்ப்’ என்ற பெயர் அங்கேதான் நிலைபெறுகிறது. ‘பேன்டம்’ என்றால் ஆவி, தோற்றமாக மட்டும் இருப்பது. தமிழில் மாய உறுப்பு என்று எழுதுகிறோம். எங்களுக்கு அந்தச் சொல்லில் முழுத் திருப்தி இல்லை. ‘மாயம்’ என்றாலே பொய் என்ற வாசனை வந்துவிடும். வலியை அனுபவிக்கிறவருக்கு அதில் பொய் எதுவும் இல்லை.

இது மிட்செல் கண்டுபிடித்த புது விசயமும் இல்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு இராணுவச் சத்திரசிகிச்சையாளர் அம்புருவாஸ் பரே, வெட்டப்பட்ட உறுப்பில் நோகிறது என்று ஆட்கள் சொல்வதைக் குறித்துவைத்தார். 1644இல் டெக்கார்ட் தன் நூலொன்றில் ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்கிறார். அவளுக்குக் கையில் பெரிய புண். வைத்தியர் வரும்போதெல்லாம் அவள் பயப்படாமலிருக்கக் கண்ணைக் கட்டிவிடுவார்கள். கடைசியில் முழங்கையோடு வெட்டவேண்டி வந்தது. வெட்டிய இடத்தில் துணியைச் சுற்றி வைத்தார்கள். கை போனது தெரியாமல் அவள் இந்த விரல் நோகுது, அந்த விரல் நோகுது என்று முறையிட்டுக்கொண்டே இருந்தாளாம். டெக்கார்ட் இதிலிருந்து எடுத்த முடிவு, வலி கையில் உணரப்படுவதில்லை, மூளையில்தான் உணரப்படுகிறது என்பது. உடம்பையும் மனதையும் இரண்டாகப் பிரித்தவர் என்றுதான் எங்கட விரிவுரைக் குறிப்புகளில் டெக்கார்ட் வருவார். அந்தச் சிறுமி வருவதில்லை. அவளுக்கு டெக்கார்ட்டின் நூலிலும் பெயர் இல்லை.

பெயர் கிடைப்பதும் ஆளைப் பொறுத்தது. அமெரிக்க இராணுவ மருத்துவ நூதனசாலை 1862இல் வொஷிங்டனில் தொடங்கப்பட்டது. போர்க்களத்தில் வெட்டிய எலும்புகளைச் சேகரித்து இலக்கமிட்டு வைத்தார்கள். 1863இல் கெட்டிஸ்பேர்க் சண்டையில் காலை இழந்த ஜெனரல் டேனியல் சிக்கிள்ஸ் அந்தக் கால் எலும்பை ஒரு பெட்டியில் போட்டு நூதனசாலைக்கு அனுப்பிவைத்தார். பிறகு வருசாவருசம் போய் அதைப் பார்த்துவருவாராம். ஜெனரலின் காலுக்குப் பக்கத்தில் இருந்த சாதாரணச் சிப்பாய்களின் எலும்புகளுக்கு இலக்கம்தான்.

மிட்செலைப் பெரிய ஆளாக்கிவிட்டு நகரவும் எங்களால் முடியாது. சிப்பாய் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட அதே வைத்தியர்தான், ‘நரம்புத் தளர்ச்சி’ என்று வந்த பெண்களுக்கு ஓய்வு வைத்தியம் என்ற ஒன்றை உருவாக்கினார். வாரக்கணக்கில் கட்டிலிலேயே கிடக்க வேண்டும். வாசிக்கக்கூடாது, எழுதக்கூடாது, பால் குடித்து உடம்பு வைக்க வேண்டும். 1887இல் சார்லட் பேர்க்கின்ஸ் கில்மன் அவரிடம் அந்த வைத்தியம் பெற்றார். அது தன்னைப் பைத்தியத்தின் விளிம்புவரை கொண்டுபோனது என்பதை வைத்து 1892இல் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையை வெளியிட்டார். ஆக, மிட்செலே தொடர்புபட்ட இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று, நம்பமாட்டார்கள் என்று வைத்தியர் புனைவில் ஒளித்த நோயாளியின் சொல். மற்றது, வைத்தியர் கேட்காததால் நோயாளியே புனைவாக எழுதிய சொல். தன் உடம்பைப் பற்றி ஒருவர் சொல்வது எப்போது ‘சான்று’ ஆகிறது, எப்போது ‘நோய்’ ஆகிறது என்பதில் விஞ்ஞானத்தைவிட வேறு பல விசயங்களும் வேலை செய்திருக்கின்றன.

கில்மன் மிட்செலிடம் போன அதே 1887இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு நல்ல காரியம் செய்தார். செயற்கை உறுப்புச் செய்யும் நிறுவனத்திடம் முகவரி வாங்கி, உறுப்பிழந்தவர்களுக்குத் தபாலில் கேள்விக்கொத்து அனுப்பினார். 185 பேரிடமிருந்து விபரம் கிடைத்தது. இல்லாத விரலை அசைக்க முடியுமா? அந்தக் கால் முந்திய நீளத்தில் இருக்கிறதா, குறுகி வருகிறதா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னார்கள். ஒரே விதி கிடைக்கவில்லை. ஆனால் ‘நான் எங்கே முடிகிறேன்’ என்ற கேள்விக்குத் தோலைத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்ல முடியாது என்பது மட்டும் தெளிவாகியது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் தங்கட உடம்பையே பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். 1903இல் லண்டன் நரம்பியலாளர் ஹென்றி ஹெட் தன் இடது கையின் நரம்பொன்றைச் சத்திரசிகிச்சை மூலம் வெட்டச்சொன்னார். உணர்வு எந்த ஒழுங்கில் திரும்புகிறது என்று நான்கு வருசமாக அந்தக் கையைக் குத்தியும் வருடியும் சோதித்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நீலகிரியின் தோடர்களைப் பற்றி 1906இல் நூல் எழுதிய அதே மானிடவியலாளர்தான். 1911இல் ஹெட், கோர்டன் ஹோம்ஸ் என்ற இன்னொரு நரம்பியலாளரோடு சேர்ந்து ‘உடல் வரைவு’ என்ற கருத்தை முன்வைத்தார். உடம்பு எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்ற ஒரு வரைவை மூளை கணத்துக்குக் கணம் திருத்திக்கொண்டே இருக்கிறது. நாங்கள் கையாளும் பொருளும் அதற்குள் வந்துவிடும். தொப்பியில் இறகு செருகிய பெண் வாசலில் குனியும்போது இறகின் நுனிவரை அவளுடைய உடம்புதான் என்று அவர்கள் உதாரணம் காட்டினார்கள். சனத்துக்குள் சைக்கிள் ஓட்டிப் பழகின ஆளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஹாண்டில் எங்கே இடிக்கும் எண்டு கண்ணால் அளந்து ஓட்டுவதில்லை.

1930களில் மொன்ட்றியலில் வைல்டர் பென்பீல்ட், விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, எங்கே தொட்டால் எந்த உறுப்பு உணர்கிறது என்று வரைந்தார். அந்த வரைபடத்தில் கைக்குப் பக்கத்தில் முகம் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியாவுக்குப் போன வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதைத்தான் பிடித்துக்கொண்டார். கையை இழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத விரல்களைத் தொடுவதுபோல் அவர் உணர்ந்தார். ராமச்சந்திரனின் கண்ணாடிப் பெட்டியும் பிரபலம். இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினால், மடங்கி இறுகிக் கிடந்த மாய விரல்கள் சிலருக்கு விரிந்தன. எல்லாருக்கும் அது உதவுவதில்லை. முகம் வந்து கையின் இடத்தைப் பிடித்துவிடுகிறது என்ற அவருடைய விளக்கத்தையும் பின்னர் வந்த மூளைப் படங்கள் அப்படியே ஏற்கவில்லை. கை போய்ப் பல வருசம் ஆன பிறகும் கைக்கான வரைபடம் மூளையில் மிஞ்சி இருப்பதை அவை காட்டின. அந்தச் சிப்பாய்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே.

உறுப்பிழக்காதவர்களும் தப்பவில்லை. 1998இல் பொட்வினிக், கோஹன் என்ற இருவர் ஒரு சின்னச் சோதனையை வெளியிட்டார்கள். உங்கட கையை மறைத்து வைத்துவிட்டு, கண்முன் ஒரு இறப்பர் கையை வைப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடுவார்கள். கொஞ்ச நேரத்தில் இறப்பர் கைதான் தன்னுடைய கை என்று பலருக்குத் தோன்றிவிடுகிறது. காண்பதும் தொடுவதும் பொருந்தி வந்தால் மூளை ‘இது என்னுடையது’ என்று முடிவு கட்டிவிடும். பிறக்கும்போதே கையோ காலோ இல்லாத சிலருக்கும் மாய உறுப்பு உணர்வு உண்டு என்பதை வைத்து, உடம்பின் ஒரு வரைவு பிறப்பிலேயே மூளையில் இருக்கலாம் என்று வாதிட்டார் ரொனால்ட் மெல்சக். ஆக, ‘நான்’ என்பது ஒருதரம் கட்டி முடித்த வீடு இல்லை. உள்ளே இருக்கிற வரைபடமும் வெளியே இருந்து வரும் தொடுகையும் பார்வையும் சேர்ந்து ஓயாமல் கட்டிக்கொண்டிருக்கிற ஒன்று.

மெல்சக்கையும் ராமச்சந்திரனையும் மொழிபெயர்த்துப் பாராட்டுவதோடு எங்களால் நிறுத்த முடியாததற்குக் காரணம், இந்த நாட்டிலும் போர் நடந்தது. மிதிவெடியிலும் ஷெல்லிலும் கால் போனவர்கள் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இலிருந்து செயற்கைக் கால் செய்து கொடுத்துவருகிறது. மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்தது 2017இல்தான்.

ஜெய்ப்பூர் காலின் கதையும் ‘நான்’ பற்றிய கதைதான். 1960களின் கடைசியில் ராஜஸ்தானில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் அதை உருவாக்கினார்கள். அதற்கு முன் கிடைத்த மேற்கத்தைய செயற்கைப் பாதம் சப்பாத்துப் போட்டுக் கதிரையில் இருக்கும் ஆளுக்குச் செய்தது. கணுக்கால் வளையாது. வெறுங்காலோடு நடக்கிற, குந்தி இருக்கிற, சேற்றில் இறங்குகிற, கோயிலில் செருப்பைக் கழற்றுகிற ஆளுக்கு அது உதவாது. நூல் படித்த வைத்தியரோடு, நூல் படிக்காத கைவினைஞரும் சேர்ந்துதான் இறப்பரில் வளைகிற பாதம் வந்தது. ஒரு உடம்பு தன்னை எப்படி உணர்கிறது என்பதில் அந்த உடம்பு எப்படி வாழ்ந்தது என்பதும் இருக்கிறது என்று சர்மாவுக்கு ஆய்வுகூடம் இல்லாமலே தெரிந்திருந்தது.

ஆனால் கால் கொடுத்த பிறகு? இல்லாத கால் இரவில் எப்படி நோகும், கனவில் எத்தனை காலோடு நடக்கிறார்கள், குளத்தில் இறங்கும்போது தண்ணீர் எங்கே படுகிறது, செயற்கைக் காலைக் கழற்றி வைத்தால் அது ‘நான்’ இல்லையா? ஜேம்ஸ் 1887இல் தபாலில் கேட்டது போன்ற கேள்விகள்தான். எங்கட வரலாற்றுப் பாடத்திலும் உளவியல் பாடத்திலும் இவை ஒருதரமும் வந்ததில்லை. இவற்றைத் தமிழில், ஊர்ப் பேச்சில், ஒரு கேள்விக்கொத்தாக எழுதிப் பார்த்தோம். 14 கேள்விகள் வந்தன. பிறகு எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. கணக்கெடுப்புக்கும் படம் எடுப்பதற்கும் வந்து போனவர்களுக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்களிடம் போய், இன்னொருக்கா உங்கட காலைப் பற்றிச் சொல்லுங்கோ என்று கேட்க எங்களுக்கு என்ன உரிமை? கேட்காமலே விட்டால் யார் எழுதுவார்கள்? போன கிழமைக் கூட்டத்தில் முடிவு எட்டவில்லை. முதலில் கேள்விகளை அவர்களில் சிலருக்கே வாசித்துக் காட்டி, எதை வெட்ட வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்பது என்ற அளவில் நிற்கிறோம்.