முக்கால் தொட்டியும் முகப்பிலுள்ள முள்ளும்

சிங்கப்பூரில் பதிவுபெற்ற காரை ஓட்டிக்கொண்டு ஜொகூருக்குச் செல்வோர், எல்லையைக் கடக்கும் வேளையில் தம் வண்டியின் எண்ணெய்த் தொட்டியில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெட்ரோல் வைத்திருத்தல் வேண்டும். இது நம்மவர் யாவரும் அறிந்த விதி. ஜொகூர் பாருவின் இராஜமாரியம்மன் கோயிலுக்கோ கண்ணாடிக் கோயிலுக்கோ குடும்பத்தோடு போகிறவர், சிராங்கூன் சாலையில் பூவும் பழமும் வாங்கி வண்டியில் ஏறியதும், காரின் முகப்பை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொள்வார். அங்குள்ள முள் அரைக்கும் முக்காலுக்கும் இடையே நின்றால், போகும் வழியில் ஏதேனும் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் வண்டி நுழையும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைபெற்றுவிட்ட இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதையும், அந்த முள் உண்மையில் எதைக் காட்டுகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலரே.

ஜொகூர்க் கடற்பாலம் 1924ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் முறைப்படி திறந்துவைக்கப்பெற்றது. 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1967இல் பாலத்தில் குடிநுழைவுச் சோதனை தொடங்கியது. எனினும் நாடு இரண்டானவுடன் பணமும் இரண்டாகிவிடவில்லை. சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று ஈடாக இரு கரையிலும் செல்லுபடியாகி வந்தன. அந்த ஏற்பாடு 1973 மே 8இல் முடிவுற்றது. அதன்பின் சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு மெல்ல மெல்ல உயர்ந்தது. ஒரே சரக்கு பாலத்தின் வடகரையில் மலிவாகவும் தென்கரையில் விலை மிக்கதாகவும் ஆனதற்கு இது முதற்காரணம். நம் நிகழ்ச்சியின் வித்து இந்த 1973இலேயே இருக்கிறது என்பது என் துணிபு.

இரண்டாவது காரணம் வரி. மலேசியா எண்ணெய் எடுக்கும் நாடு. தன் குடிகளுக்குப் பெட்ரோல் விலையைத் தாங்கிக் கொடுத்த நாடு. சிங்கப்பூரில் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் உண்டு. எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லை. மேலும், இச்சிறு தீவில் கார்கள் பெருகிவிடலாகாது என்பது அரசின் நீண்ட நாள் கொள்கை. 1975இல் நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் வந்தது. 1990இல் கார் வாங்கும் உரிமைக்கே ஏலமுறை வந்தது. இவற்றுள் பெட்ரோல் தீர்வைக்குத் தனி இயல்பு உண்டு. மிகுதியாக ஓட்டுபவர் மிகுதியாகச் செலுத்துவார். வண்டியை வீட்டில் நிறுத்துபவர் ஒன்றும் செலுத்தார். ஆனால் கடற்பாலத்தைத் தாண்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டு திரும்புகிறவருக்கு அத்தீர்வை எட்டுவதே இல்லை. சிங்கப்பூர்ச் சாலையில் ஓட்டுவதற்கான எண்ணெயை ஜொகூரிலேயே வாங்கி வருவோர் தொகை பெருகவே, 1989இல் அரைத் தொட்டி விதி கொண்டுவரப்பட்டது. அது போதாதென்று கண்டு, 1991இல் அரை முக்காலாக உயர்த்தப்பட்டது. 1998இல் துவாஸில் இரண்டாவது பாலம் திறந்தபோது விதியும் அங்கே உடன் சென்றது.

இவ்விதியின் நுட்பம் வியப்புக்குரியது. எல்லையில் நிற்கும் அலுவலர், "நீர் எதற்காகப் போகிறீர்? எண்ணெய் நிரப்பவா, உறவினரைப் பார்க்கவா?" என்று கேட்பதில்லை. கேட்டாலும் மெய்யான விடை கிடைக்குமென்பது உறுதியன்று. அவர் முள்ளை மட்டுமே பார்க்கிறார். 60 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அரைத் தொட்டியோடு போகிறவர் அக்கரையில் 30 லிட்டர் நிரப்பலாம். முக்கால் தொட்டியோடு போகிறவருக்கு இடம் 15 லிட்டருக்கே உண்டு. 2021 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டவாறு தீர்வை லிட்டருக்கு 66 காசு என்று கொண்டால், அரைத் தொட்டிக்காரர் 19 வெள்ளி 80 காசு தீர்வையைத் தவிர்ப்பார்; முக்கால் தொட்டிக்காரர் 9 வெள்ளி 90 காசு தவிர்ப்பார். (உயர்தரப் பெட்ரோலுக்கு 79 காசு, வகுப்பில் அதையும் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.) விலையிலுள்ள பிற வேறுபாடுகள் இதற்கு மேல். பாலத்து நெரிசலில் காத்துக் கிடக்கும் நேரத்தையும் எண்ணினால், எண்ணெய்க்காக மட்டும் போவது பயனற்றதாகிவிடும். ஆனால் கோலாலம்பூர் வரை 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் செல்கிறவருக்கு இவ்விதி பெரிய தடையன்று. அவர் கொண்டுபோன எண்ணெயை வழியிலேயே செலவிடுவார், மீண்டும் நிரப்புவார். எண்ணெய்க்குப் போகிறவரையும் பயணம் போகிறவரையும், ஒரு கேள்வியும் கேளாமலே, இந்த முக்கால் பிரித்துவிடுகிறது.

இனி அந்த முள்ளைப் பற்றி. தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் அது இல்லவே இல்லை. 1908இல் வெளிவந்த ஃபோர்டு 'டி' வகைக் காரில் தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. இருக்கையைத் தூக்கி, மூடியைத் திறந்து, குச்சியை விட்டு அளந்தார்கள். வோக்ஸ்வாகன் 'வண்டு'க் காரில் 1960களின் தொடக்கம் வரை எண்ணெய்மானி கிடையாது. எஞ்சின் திணறத் தொடங்கியதும் ஓட்டுநர் காலால் ஒரு திருகைத் தள்ளுவார். சேமமாக வைத்த சில லிட்டர் எண்ணெய் வரும். அத்தகைய வண்டிகளே இன்றும் ஓடியிருந்தால், முக்கால் தொட்டி விதியைச் செயற்படுத்த எல்லையில் ஆளுக்கொரு குச்சி கொடுத்திருக்க வேண்டும்!

மானி வேலை செய்யும் முறை எளிது. தொட்டிக்குள் ஒரு மிதவை. அதனோடு ஒரு கை. கையின் மறுமுனை மின்தடை ஒன்றின் மீது வழுக்கிச் செல்லும். எண்ணெய் இறங்க மிதவை இறங்கும், மின்தடை மாறும், மின்னோட்டம் மாறும், முள் நகரும். ஆகவே முள் அறிவது மிதவையின் உயரத்தை. எண்ணெயின் கொள்ளளவை அது நேரே அறியாது. தொட்டியோ செவ்வகப் பெட்டியன்று. அச்சுக்கும் புகைக்குழாய்க்கும் இடம்விட்டு வளைந்தும் நெளிந்தும் அமைந்தது. உயரத்தில் பாதி என்பது கொள்ளளவிலும் பாதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பொறியாளர் இதற்கேற்பத் திருத்தம் செய்திருப்பர். எனினும் திருத்தம் ஓரளவுக்கே. விளிம்பு வரை நிரப்பிய தொட்டியில் மிதவை மேல்முகட்டில் முட்டி நிற்பதால், சில லிட்டர் செலவான பின்னும் முள் நிறைவுக் குறியிலேயே நிற்கும். கீழேயும் அப்படித்தான்: முள் வெறுமையைக் காட்டும்போதும் தொட்டியில் கொஞ்சம் எஞ்சியிருக்கும். மேட்டில் நிறுத்தினால் ஒரு காட்சி, சமதரையில் நிறுத்தினால் வேறொரு காட்சி. முள்ளுக்குப் பதிலாகக் கட்டங்கள் ஒளிரும் புதிய கார்களிலும் நிலைமை மாறிவிடவில்லை. எட்டுக் கட்டங்களில் ஆறு ஒளிர்ந்தால் முக்கால் என்கிறோம்; ஆறாவது கட்டம் இப்போதுதான் தொடங்கியதா, அணையும் தறுவாயில் உள்ளதா என்பதை அது சொல்லாது.

தமிழாசிரியர்களுக்கு இங்கே ஒரு பழைய செய்தி நினைவுக்கு வரலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லைக் குறிக்கும்போது வெறுமனே இத்தனை கலம் என்று விட்டுவிடுவதில்லை. ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று கருவியையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. அம்மரக்கால் இராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒப்பானது என்றும் காண்கிறோம். அளவு எத்துணை முதன்மையோ, அளக்கும் கலமும் அத்துணை முதன்மை என்று அக்கால ஆட்சியாளர் அறிந்திருந்தனர். இன்றைய சிங்கப்பூரிலும் பெட்ரோல் நிலையத்தின் விசை சரியான லிட்டரை அளக்கிறதா என்று சோதித்து முத்திரையிடுகின்றனர். ஆனால் எல்லையில், முக்கால் என்பதை அளக்கும் மரக்கால் அரசினுடையதன்று. ஒவ்வொருவரும் தத்தம் மரக்காலை வண்டியோடு கொண்டுவருகின்றனர். ஒன்று ஜப்பானில் செய்தது, ஒன்று ஜெர்மனியில் செய்தது. ஒன்றின் முக்கால் மற்றொன்றின் முக்காலன்று. சட்டம் இத்தோராயத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. துல்லியமாக அளக்கப் புகுந்தால் பாலம் ஒரு நாளும் நகராது என்பதே காரணமாகலாம்.

தோராயத்தை ஏற்ற சட்டம் பொய்யை ஏற்பதில்லை. குறைவான எண்ணெயோடு வந்தவருக்கு 500 வெள்ளி வரை தண்டம் விதிக்கலாம். வண்டியைத் திருப்பியும் அனுப்பலாம். ஆனால் முள் பொய் சொல்லும்படி மானியைத் திருத்துவது தனிக் குற்றம். அதற்கு நீதிமன்றமும் சிறையும் காத்திருக்கின்றன. வண்டிக்காரரின் மரக்காலையே நம்பி வரி காக்கும் ஓர் அரசு, அம்மரக்காலில் கைவைப்பவரைப் பொறுக்காததில் வியப்பில்லை.

பயணம் போகிறவர்க்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1970களின் பிற்பகுதி முதல் சில கார்களில், எஞ்சிய எண்ணெயைக் கொண்டு இன்னும் எவ்வளவு தொலைவு ஓடலாம் என்று கணித்துக் காட்டும் கருவி வைக்கலாயினர். இன்று அது ஏறத்தாழ எல்லாப் புதுக் கார்களிலும் உண்டு. மாணவர் இதை மானியைவிட மெய்யானது என்று எண்ணக்கூடும், எண்ணில் சொல்வதால். உண்மையில் அது இரண்டு மதிப்பீடுகளின் பெருக்கம். எஞ்சிய லிட்டர் என்பது மிதவை தந்த மதிப்பீடு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது அண்மையில் ஓட்டிய முறையிலிருந்து எடுத்த சராசரி. விரைவுச்சாலையில் சீராக வந்தவருக்குத் தொலைவு பெரிதாகத் தெரியும். பள்ளி விடுமுறையின் முதல் நாளில் உட்லண்ட்ஸ் வரிசையில் குளிரூட்டியை ஓடவிட்டு இரண்டு மணி நேரம் நின்றவருக்கு, வண்டி ஒரு கிலோமீட்டரும் நகராமலே, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் குறைந்திருக்கும். இதே காரணத்தால், வீட்டில் சரியாக முக்காலில் நின்ற முள் சோதனைச்சாவடியில் முக்காலுக்குக் கீழே நிற்பதும் உண்டு. முக்காலுக்கு மேலே விரற்கடை வைத்துப் புறப்படுவதே அறிந்தவர் வழக்கம்.

எண்ணெய் குறைந்ததை உணர்த்தும் மஞ்சள் விளக்கைப் பற்றியும் தவறான துணிவு பரவியிருக்கிறது. "விளக்கு எரிந்தபின் ஐம்பது கிலோமீட்டர் கவலையில்லை" என்பார் பலர். அது வண்டிக்கு வண்டி வேறுபடும். கைந்நூலைப் பார்த்தே அறியலாம். இன்றைய பெட்ரோல் கார்களில் எண்ணெயை எஞ்சினுக்குத் தள்ளும் விசை தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. சுற்றியுள்ள பெட்ரோலே அதைக் குளிர்விக்கிறது. அடிமட்டத்தில் ஓட்டும் பழக்கமுள்ளவர் அவ்விசையை வெப்பத்துக்கு உள்ளாக்குகிறார்.

அக்கரையும் வாளாவிருக்கவில்லை. அரசு மானியம் பெறும் 95 ரகப் பெட்ரோலை வெளிநாட்டில் பதிவான வண்டிகளுக்கு விற்கலாகாது என்று மலேசியா 2010 ஆகஸ்ட் முதல் நாள் தொட்டு விதித்தது. தன் குடிகளுக்காகத் தாங்கிய விலை பிறர் தொட்டியில் சேர்வதை எந்த அரசு விரும்பும்? ஆகப் பாலத்தின் இரு முனையிலும் இரண்டு விதிகள்; தென்முனையில் தொட்டியின் இடத்தைச் சுருக்கும் விதி, வடமுனையில் அவ்விடத்தில் எதை நிரப்பலாம் என்னும் விதி. முன்னது வரியைக் காக்கிறது. பின்னது மானியத்தைக் காக்கிறது.

2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் யாவும் தூய்மை மிக்க எரியாற்றலில் இயங்குவனவாக இருத்தல் வேண்டும் என்றும், 2040க்குள் பெட்ரோல், டீசலில் மட்டும் ஓடும் வண்டிகளை நீக்கிவிடுவதென்றும் சிங்கப்பூர் அரசு அறிவித்துள்ளது. மின்கலத்தால் ஓடும் கார்கள் இப்போதே பாலத்தைக் கடந்து போகின்றன. அவற்றின் முகப்பிலும் எஞ்சிய தொலைவு ஒளிர்கிறது. அதுவும் அண்மைச் சராசரியைக் கொண்டு கணித்ததே. ஆனால் எல்லை அலுவலர் எட்டிப் பார்த்து முக்கால் என்று எண்ணுவதற்கு அங்கே தொட்டி இல்லை.