அரவமும் ஆறுதலும்



தமிழில் சத்தத்துக்கு எத்தனை பெயர்கள்! ஓசை, ஒலி, அரவம், சந்தடி, இரைச்சல், கூச்சல், ஆரவாரம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவையெல்லாம் ஒருபொருட் சொற்கள் என்று மாணவர் எழுதித் தரும்போது நான் சிவப்பு மையால் கோடிடுவதுண்டு. ஓசை இனிக்கும், இரைச்சல் இனிப்பதில்லை. அரவம் என்ற சொல்லுக்குப் பாம்பு என்றும் பொருள் உண்டு. இருட்டில் தனியே படுத்திருப்பவருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். இந்த வேறுபாடுகளை அகராதி இல்லாமலே அறிந்தவர், வைத்தியசாலையிலே சிகிச்சை மேசையில் கிடத்தப்பட்ட நோயாளிதான். அவருடைய செவியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

மயக்க மருந்து வருவதற்கு முன்னிருந்த சத்திரசிகிச்சைக் கூடம் அலறல் நிறைந்த இடம். கிழக்கு லண்டனில் இருந்த லண்டன் வைத்தியசாலையில் அக்காலத்தில் ஒரு மணி இருந்தது. சத்திரசிகிச்சை தொடங்குமுன் அதை அடிப்பார்கள். துடிக்கும் நோயாளியை அழுத்திப் பிடிக்க ஆட்கள் வரவேண்டும் என்பதே அதன் பொருள். மேசையில் கிடந்தவருக்கு மட்டுமல்ல, அடுத்த முறைக்காகக் காத்துக் கிடந்தவருக்கும் அந்த மணி கேட்டிருக்கும். கோயில் மணியோசையில் மனம் ஒடுங்கிப் பழகிய நமக்கு, இப்படியும் ஒரு மணி ஒலித்தது என்று எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது.

1846 ஒக்டோபர் 16ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஈதர் ஆவியைக் கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்து காட்டினார்கள். அவ்வாண்டு டிசெம்பரில் லண்டனிலும் அது நடந்தது. அலறல் அடங்கியது. இனிச் சத்தத்தைப் பற்றிய கவலை இல்லை என்று வைத்தியர்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அலறல் ஓய்ந்த பிறகுதான் மற்றச் சத்தங்கள் காதில் விழத் தொடங்கின.

அவற்றைக் கூர்ந்து கேட்டவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். தாதியியல் பற்றி 1859இல் அவர் எழுதிய சிறிய நூலில் சத்தத்துக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். நோயாளியை வருத்துவது சத்தத்தின் அளவு மட்டுமல்ல, அது மனத்தில் எழுப்பும் எதிர்பார்ப்பே என்பது அவர் கண்ட உண்மை. வீட்டுச் சுவரோடு சாரம் கட்டும் சத்தத்தைக்கூட நோயாளி பொறுத்துக்கொள்வார். கதவுக்கு வெளியே இருவர் குசுகுசுப்பதைப் பொறுக்கமாட்டார். அது தன்னைப் பற்றிய பேச்சோ என்று செவியைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். தாதியின் ஆடைச் சரசரப்பையும் சாவிக்கொத்தின் கலகலப்பையும்கூட அம்மையார் கண்டித்தார்.

அடுத்த காட்சி ஒரு துறைமுக நகரம். திருகோணமலைக்காரனாகிய எனக்கு இது மிகவும் பிடித்த வரலாறு. நியூயோர்க்கில் ஜூலியா பாநெற் ரைஸ் என்றொரு பெண்மணி. மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். ஆற்றிலே ஓடிய இழுவைப் படகுகள் இரவெல்லாம் ஊதிக்கொண்டிருந்தன. ஆபத்துக்காக ஊதியது குறைவு. ஒருவரையொருவர் நலம் விசாரிக்கவும் கரைக்குப் போன மாலுமியைக் கூப்பிடவும் ஊதியதே அதிகம். ரைஸ் அம்மையார் வெறுமனே முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கவில்லை. சட்ட மாணவர்களை அமர்த்தி ஊதல்களை எண்ணச் செய்தார். ஓரிரவில் ஏறத்தாழ 3,000 ஊதல்கள்! ஆற்றங்கரை வைத்தியசாலைகளின் நோயாளிகள் படும் பாட்டைச் சாட்சியமாகத் திரட்டினார். 1906இல் அநாவசிய இரைச்சலை ஒழிக்கும் சங்கம் ஒன்றை அமைத்தார். 1907இல் அமெரிக்கக் காங்கிரஸ் படகு ஊதல்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. அந்நகரில் வைத்தியசாலைகளைச் சுற்றி அமைதி வலயங்களும் பிறந்தன. இன்று வைத்தியசாலை வீதிகளில் ஒலியெழுப்பத் தடை என்ற பலகையைக் காணும்போதெல்லாம், அந்தப் பெண்மணி எண்ணவைத்த ஊதல்களே எனக்கு நினைவு வரும்.

வீதி அடங்கியது, அறைக்குள்ளே என்ன நடந்தது? 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் வைத்தியர், கண்ணை மட்டும் மரக்கச் செய்யும் வழியைக் கண்டறிந்தார். அன்றிலிருந்து மேசையில் ஒரு புதிய நோயாளி தோன்றினார். அவருக்கு வலி தெரியாது. ஆனால் எல்லாம் கேட்கும். சில வருடங்களுக்கு முன் என் தாயாருக்கு ஒரு வைத்தியசாலையில் கண்புரை அகற்றினார்கள். வெளியே வந்ததும் அவர் சொன்னது இதுதான்: “வலி ஒண்டும் இல்லைத் தம்பி. ஆனா ஏதோ தட்டு ஒண்டு கீழை விழுந்த சத்தத்தோடை என்ரை சீவன் போயிட்டுது. அதுக்குப் பிறகு அவையள் என்ன கதைச்சாலும் என்னைப் பற்றித்தான் கதைக்கினம் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தன்.” நைற்றிங்கேல் அம்மையாரின் நூலை என் தாயார் படித்தவரல்லர்.

விழித்திருக்கும் இந்த நோயாளிக்காக, 1914இல் அமெரிக்க வைத்தியர் இவான் கேன் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் கிராமபோன் பெட்டியைக் கொண்டுசென்றார். 1959இல் பல்வைத்தியர் வாலஸ் காட்னர், அறிஞர் லிக்லைடருடன் சேர்ந்து, நோயாளியின் காதுக்கருவியில் இசையையும் அருவி போன்ற ஓர் இரைச்சலையும் ஒலிக்கவிட்டார். ஒலியளவைக் கூட்டும் திருகை நோயாளியின் கையிலேயே கொடுத்தார். இங்குதான் நுட்பம் இருக்கிறது. தன் கட்டுப்பாட்டில் உள்ள சத்தம் மனிதனை அச்சுறுத்துவதில்லை. 2015இல் ‘லான்செற்’ சஞ்சிகை, 70க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையொன்றை வெளியிட்டது. சத்திரசிகிச்சையை ஒட்டி இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் வலிநீக்கி மருந்தின் தேவையும் குறைந்தன என்பது அதன் முடிவு.

எல்லாச் சத்தத்தையும் ஒழித்துவிடவும் முடியாது. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியின் ஒலி, இரத்தத்தில் ஒட்சிசன் குறையக் குறையச் சுருதி இறங்கும். வைத்தியர் திரையைப் பாராமலே ஆபத்தை அறிவார். அந்த ஒலி உயிர் காக்கும் ஓசை. ஆனால் வாட்டுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 1999இல் வகுத்த அளவு 30 டெசிபல். சாதாரண உரையாடலே 60 டெசிபலை எட்டும். பத்துக்குப் பத்து மடங்காக ஏறும் கணக்கு இது. ஆகவே நமது பேச்சின் ஒலிச்செறிவு அந்த அளவைவிட ஆயிரம் மடங்கு. வைத்தியசாலையில் மிகப் பெரிய இரைச்சல் யந்திரம் பல வேளைகளில் மனித வாய்தான்.

இனி எங்கள் கரைக்கு வருவோம். திருஞானசம்பந்தர் கோணமலையைப் பாடியபோது கடலின் முழக்கத்தையும் சேர்த்தே பாடினார். அந்த முழக்கம் எங்களுக்குத் தாலாட்டு. ஆனால் இந்தத் துறைமுகம் வேறு முழக்கங்களையும் கேட்டது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசின. 2009 பெப்ரவரி முதல், முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயமுற்றோரையும் நோயாளரையும், சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு கப்பல்கள் இங்கு கொண்டுவந்தன. ஷெல் ஓசைக்குள்ளிருந்து வந்த அந்த மக்களுக்கு, அடித்துச் சாத்தப்படும் கதவு வெறும் கதவாக இருந்திருக்குமா? விழுந்த தட்டு வெறும் தட்டாக ஒலித்திருக்குமா? ஒரு சத்தத்தின் அளவைக் கருவி சொல்லும். அதன் பொருளைக் கேட்டவர் பட்ட பாடுதான் சொல்லும்.

இன்னொன்றையும் தமிழாசிரியன் என்ற முறையில் சொல்லவேண்டும். புரியாத பேச்சும் இரைச்சலே. மும்மொழி வழங்கும் எங்கள் மாவட்டத்தில், தலைக்கு மேலே வேற்றுமொழியில் நடக்கும் உரையாடல், கதவுக்கு வெளியே கேட்ட குசுகுசுப்பைவிடக் கொடியதாகலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் போதித்து, ‘இரணவைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அதனை மொழித்தொண்டு என்று மட்டுமே நாம் போற்றி வருகிறோம். அது நோயாளியின் செவிக்குச் செய்த தொண்டுமாகும்.

வண்டில்களுக்கு இறப்பர்ச் சில்லு, தட்டுக்கு அடியில் துணி, மெல்லச் சாத்தும் கதவு, ஆயுதங்களை நோயாளி வருமுன்பே எடுத்து அடுக்கிவைக்கும் பழக்கம் ஆகியவற்றுக்கெல்லாம் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இவை எதுவும் கைகூடாத இடத்திலும் ஒன்று கைகூடும். “அம்மா, இப்ப ஒரு சத்தம் கேக்கும். அது மெசினின்ரை சத்தம். பயப்பிடாதேங்கோ” என்று ஒருவர், அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிவிடலாம். சொல்லி முடிக்க ஐந்து விநாடி போதும். மேசையில் கிடப்பவருக்கு அதன்பின் அது அரவம் அல்ல, வெறும் ஒலி.