எல்ம் மரங்களைக் கொன்றது எது?

முதல் உலகப் போர் முடிந்த 1918-ஆம் ஆண்டை ஒட்டி ஹாலந்து, பெல்ஜியம், பிரான்சு ஆகிய நாடுகளில் எல்ம் மரங்கள் திடீரென்று பட்டுப்போகத் தொடங்கின. எல்ம், நம் நாட்டு ஆயா மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கடற்காற்றைத் தாங்கி ஓங்கி வளர்வது. ஆகையால் ஹாலந்து மக்கள் சாலையோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் அதை வரிசை வரிசையாக நட்டிருந்தனர். அம்மரங்கள் கோடையின் நடுவிலேயே இலை சுருண்டு மஞ்சளாயின. நோயுற்ற கிளையைக் குறுக்கே வெட்டினால், கட்டையில் பழுப்புப் புள்ளிகள் வளையமாகத் தெரிந்தன.

காரணம் என்ன? போரில் வீசிய நச்சுவாயு என்றனர் சிலர். வறட்சி என்றனர் வேறு சிலர். பாக்டீரியாவே என்று வாதிட்டவர்களும் உண்டு.

ஹாலந்தின் முதல் பெண் பேராசிரியரான யோஹன்னா வெஸ்டர்டைக் இச்சிக்கலைத் தம் மாணவி பியா ஷ்வார்ஸிடம் ஒப்படைத்தார். நோயுற்ற கட்டையிலிருந்து ஷ்வார்ஸ் ஒரு பூசணத்தைப் பிரித்தெடுத்து வளர்த்தார். அதை நல்ல மரத்தில் செலுத்தியபோது அதே பழுப்பு நிறம் தோன்றியது. இப்பூசணமே நோய்க்குக் காரணம் என்று 1922-இல் தம் ஆய்வேட்டில் எழுதினார். 

ஆனால் அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. மரம் முழுவதும் வாடிக் காட்டினால்தானே நம்ப முடியும் என்றனர். ஷ்வார்ஸ் ஜாவாத் தீவில் பணியாற்றக் கடல் கடந்து சென்றுவிட்டார்.

வெஸ்டர்டைக்கின் மற்றொரு மாணவியான கிறிஸ்டீன் பாய்ஸ்மன் அவ்வாய்வை மீண்டும் கையில் எடுத்தார். பூசணத்தை எந்தப் பருவத்தில் செலுத்துகிறோம் என்பது முக்கியம். கோடையின் தொடக்கத்தில், மரம் விரைந்து வளரும்போது செலுத்தினால் நோய் நன்கு பற்றுகிறது. 1927-இல் பாய்ஸ்மனின் சோதனை மரங்கள் வாடின. ஷ்வார்ஸ் கூறியது உண்மை என்று நிலைநாட்டப்பட்டது.

எனினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. மரத்தின் உள்ளே வாழும் பூசணம் அடுத்த மரத்துக்கு எப்படிப் போகிறது? 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு விடை கிடைத்தது. பூசணத்தைச் சுமந்து செல்வது அரிசி மணியளவே உள்ள மரப்பட்டை வண்டு.

இவ்வண்டு, சாகும் நிலையிலுள்ள எல்ம் மரத்தின் பட்டைக்கடியில் துளையிட்டு முட்டையிடுகிறது. புழுக்கள் பட்டையை அரித்துக் கிளைகிளையாகச் சுரங்கம் அமைக்கின்றன. அச்சுரங்கங்களில் பூசணம் வளர்ந்து பசையுள்ள வித்துத்துகள்களை உண்டாக்குகிறது. புதிய வண்டுகள் அத்துகள்கள் உடலில் ஒட்டிய நிலையில் வெளியேறி, நல்ல மரங்களுக்குப் பறந்து, இளங்கிளைகளின் கவட்டைக் கடித்துத் தின்கின்றன. காயத்தின் வழியே பூசணம் நீர்க்குழாய்களுள் நுழைகிறது. அதைத் தடுக்க மரம் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. நீர் மேலேறாமல் இலைகள் வாடுகின்றன. வண்டு கடித்ததால் மட்டும் மரம் சாவதில்லை. வண்டின் உதவியின்றிப் பூசணம் தொலைவிலுள்ள மரங்களை அடைவதும் அரிது.

மனிதனும் இதற்கு உதவினான். ஐரோப்பாவிலிருந்து மேசை நாற்காலிகள் செய்வதற்காக அனுப்பிய எல்ம் கட்டைகளோடு வண்டும் பூசணமும் அமெரிக்கா சேர்ந்தன. 1930-இல் ஒஹையோவில் நோய் காணப்பட்டது. பின்னர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கட்டைகள், இன்னும் கொடிய பூசணத்தை 1960-களில் பிரிட்டனில் இறக்கின. அங்கு 2 கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்கள் மடிந்தன.

ஆராய்ந்தவர்கள் ஹாலந்து நாட்டினர் என்பதால், அதாவது டச்சுக்காரர் என்பதால், இதற்கு ‘டச்சு எல்ம் நோய்’ என்று பெயர் வந்தது. நோய் அங்கே பிறந்ததால் அன்று. பாய்ஸ்மன் 1936-இல், 36 வயதில் காலமானார். அவருடைய ஆய்வில் தேர்ந்தெடுக்கப்பட்ட, நோயை எதிர்க்கும் எல்ம் வகை ஒன்று அவர் பெயரைத் தாங்கியது.

இந்நோய்ப் பூசணத்தின் உறவான இனம் ஒன்று இமயமலைக் காடுகளில் வாழ்வதை 1995-இல் அறிவியலார் வெளியிட்டனர். அங்கும் எல்ம் உண்டு, வண்டும் உண்டு. ஆனால் மரங்கள் கூட்டங்கூட்டமாக மடியவில்லை. நெடுங்காலம் சேர்ந்து வாழும் உயிர்களிடையே ஒரு சமநிலை இருக்கிறது. பட்டை நீக்காத ஒரு கட்டையைக் கப்பலில் ஏற்றுவது அதைக் குலைத்துவிடலாம். துறைமுகங்களில் மரக்கட்டைகளைச் சோதிப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?