வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் காவல்துறையின் வழிமறிப்புச் சோதனை

புதுச்சேரி நகருக்கு மேற்கே வில்லியனூரும் தெற்கே பாகூரும் கிராமப்புறக் கொம்யூன்கள். பாகூர் பக்கம் முள்ளோடையைத் தாண்டினால் ரெட்டிச்சாவடி, கடலூர் மாவட்டம். பல இடங்களில் மாநில எல்லை வயலுக்கு நடுவே போகிறது. அதனால் வண்டியை ஓரங்கட்டிப் பையைத் திறந்து காட்டுவது இவ்வூர்க்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

புதுச்சேரி அடங்கிய பிரெஞ்சிந்தியாவுடன் 1941இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் 1949இல் முடிந்தபின் எல்லையில் சுங்கக் கெடுபிடி வந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். சுங்கச் சாவடி போனது. மதுவுக்கான சோதனை இருந்துவருகிறது. சாராயக்கடை புதுச்சேரியில் சட்டப்படி ஏலம் விடப்படுகிறது, தமிழ்நாட்டில் அதற்கு இடமில்லை. கடலூர் பக்கத்து ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் பாட்டிலோடு பிடிபட்டால் வண்டியும் பறிபோகலாம். 2023 மே மாதம் மரக்காணம் அருகிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைப் பறித்தபின் சோதனை இறுகியது. அந்தச் சாவுகளைப் பார்த்த எவரும் சோதனையே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

சாலையில் போகிறவரை நிறுத்திச் சோதிக்க இந்தியாவில் தனிப் பொதுச்சட்டம் கிடையாது. அதிகாரம் பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. கஞ்சா வழக்குகளுக்கு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அதன் 43ஆவது பிரிவு பொது இடத்தில் சோதனையிட அனுமதிக்கிறது. உடலைச் சோதிக்குமுன், நீதித்துறை நடுவர் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமையை 50ஆவது பிரிவு தருகிறது. அந்த உரிமையைச் சோதிக்கப்படுபவரிடம் எடுத்துச் சொல்வது கட்டாயம் என்று 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையிலிருக்கும் பைக்கு இப்பாதுகாப்பு பொருந்தாது என்றது 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பெண்ணைப் பெண் காவலரே சோதிக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு, இடத்தைச் சோதிப்பதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப்பதிவு செய்யச் சொல்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் பொருள் கிடைத்தால்தான் மகஜர், சாட்சிக் கையெழுத்து, வழக்கு எண் எல்லாம். எதுவும் கிடைக்காமல் "போ" என்று அனுப்பப்பட்டவர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. வேலைக்குப் போகும் தொழிலாளியோ, கூலிவேலை முடித்து இரவில் திரும்பும் இளைஞரோ மாதத்தில் எத்தனை முறை நிறுத்தப்பட்டார், எதற்காக என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. மக்களின் நம்பிக்கை தேய்வது இங்கேதான். குற்றவாளியைப் பிடிப்பதால் அல்ல. இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுக் காவல் சட்டம், சோதனைக்கு நியாயமான சந்தேகம் வேண்டும் என்பதோடு, ஒன்றும் அகப்படாவிட்டாலும் காரணத்தை எழுதிவைக்கச் சொல்கிறது. சோதிக்கப்பட்டவர் அதன் நகலைக் கேட்டுப் பெறலாம். அங்கு கறுப்பினத்தவர் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட மிகுதியாக நிறுத்தப்படுகிறார்கள் என்பதை அந்தப் பதிவுகளே காட்டிக்கொடுத்தன.

பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைப்படி அமைந்த காவல்துறைப் புகார் ஆணையம் புதுச்சேரியிலும் உண்டு. அங்கே போகிறவர் நிறுத்தப்பட்ட இடம், நேரம், காவலரின் பெயர் ஆகியவற்றைத் தன் நினைவிலிருந்துதான் எழுதித்தர வேண்டியிருக்கிறது.