கணக்குதாரருக்கு முன் நாமினி இறத்தல்

வங்கி வைப்புக்கு நாமினியாகக் (நியமனதாரராக) குறிக்கப்பட்டவர் கணக்குதாரர் உயிரோடு இருக்கும்போதே இறந்துவிட்டால், அந்த நியமனம் அவரோடு முடிந்துபோகும். இறந்த நாமினியின் துணைக்கோ பிள்ளைகளுக்கோ அது இறங்குவதில்லை. புதிதாக வேறொருவரை நியமிக்காமல் கணக்குதாரரும் இறந்தால், நாமினியே இல்லாத கணக்காக அதை வங்கி நடத்தும். பணம் கணக்குதாரரின் வாரிசுகளுக்குப் போகும். இங்கே சொல்லப்படுவது இந்திய வங்கிகளின் நடைமுறை.

இதற்கான காரணம் நாமினிக்குச் சட்டம் தந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில், 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக 45-இசட்ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. கணக்குதாரர் இறந்தபின் வங்கி யார் கையில் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு தீரும் என்பதுதான் அந்தப் பிரிவின் அக்கறை. பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவுசெய்யும். ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் இதை உறுதிப்படுத்தியது. நாமினிக்கே சொந்த உரிமை இல்லாதபோது அவருடைய பிள்ளைகளுக்கு இறங்க என்ன இருக்கிறது? “எங்கப்பாதானே நாமினி, அப்போ பணம் எங்களுக்குத்தான்” என்று வங்கி மேசைமுன் எழும் வாதம் நிற்காமல் போவது இதனால்தான்.

ஆனால் அதே பிள்ளைகள் வாரிசு என்ற வழியில் பங்கு கேட்கலாம். மனைவியும் தாயும் ஏற்கெனவே காலமாகிவிட்ட ஓர் இந்துத் தந்தை, உயில் எழுதாமல் 9 லட்ச ரூபாய் வைப்பை விட்டுச் சென்றார் என்று கொள்வோம். இரண்டு மகன்கள், ஒரு மகள். நாமினியாக இருந்த மூத்த மகன் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளையின் கிளைக்கும் 3 லட்சம். மூத்தவர் கிளையின் 3 லட்சத்தை அவர் மனைவியும் பிள்ளைகளும் ஆளுக்கு 1 லட்சமாகப் பிரித்துக்கொள்வார்கள். இறந்தவர் தந்தையாக இல்லாமல், கணவரை இழந்த தாயாக இருந்தால் கணக்கு மாறிவிடும்: மூத்தவர் கிளையின் 3 லட்சம் இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு மட்டுமே, மருமகளுக்குப் பங்கில்லை. ஒரே குடும்பம், ஒரே தொகை; மாமனார் கணக்கில் வாரிசான மருமகள் மாமியார் கணக்கில் வாரிசில்லை. முஸ்லிம் வாரிசுரிமையிலோ, இன்னொரு மகன் உயிரோடு இருந்தால் முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு வாரிசு என்ற முறையில் பங்கு கிடையாது.

நாமினி உயிரோடு இருந்தால் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாள ஆவணம் ஆகியவற்றோடு வேலை முடியும். நாமினி இல்லாவிட்டால், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், பணம் வாங்கிக்கொள்பவரின் ஈட்டுறுதிப் பத்திரம், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதம் என்று காகிதம் பெருகும். வெளியூரில் இருக்கும் ஒரு தம்பி கையெழுத்துப் போடத் தயங்கினால் அதோடு எல்லாம் நிற்கும். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையும் கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் ரூபாய் வரையும் உள்ள கோரிக்கைகளுக்கு நீதிமன்றச் சான்று கேட்காத எளிய முறையை வகுத்தன. அதற்கு வாரிசுகளுக்குள் தகராறு இருக்கக்கூடாது. எல்லா ஆவணங்களும் வந்து சேர்ந்த 15 நாட்களுக்குள் வங்கி பணத்தைத் தரவேண்டும். தன் பக்கத் தாமதத்துக்கு வங்கி வட்டியும் கொடுக்கவேண்டும்.

நாமினி இறந்த செய்தி வங்கிக்குத் தானாகத் தெரியாது. பாஸ்புக்கில் நாமினியின் பெயர் இல்லாமல், நியமனம் பதிவாகியிருக்கிறது என்ற குறிப்பு மட்டும் அச்சிடப்பட்டிருப்பதும் உண்டு. பெயருக்குரியவர் இறந்து பத்தாண்டு ஆனாலும் அந்த வரி அப்படியேதான் இருக்கும். அதைப் பார்த்து நிம்மதியாக இருக்கும் முதியவர்கள் எத்தனையோ பேர். கணக்குதாரர் எப்போது வேண்டுமானாலும் படிவம் எழுதிக் கொடுத்துப் புதிய நாமினியைக் குறிக்கலாம். பழைய நாமினியின் சம்மதம் எந்த நிலையிலும் தேவையில்லை. கூட்டுக் கணக்கில் எல்லாக் கணக்குதாரர்களும் சேர்ந்து இதைச் செய்யவேண்டும். அங்கே நாமினிக்கு வேலை வருவதும் எல்லாக் கணக்குதாரர்களும் இறந்தபிறகுதான்.

நாமினி முந்தி இறக்கும் சிக்கலுக்கு 2025ஆம் ஆண்டு வங்கிச் சட்டங்கள் திருத்தம் ஓரளவு விடை தந்திருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக்கு நான்கு பேர் வரை குறிக்கலாம். வரிசைமுறையில் குறித்தால், முதலாமவர் இறந்தால் இரண்டாமவர் அந்த இடத்துக்கு வருவார். ஒரே நேரத்தில் பலரை விழுக்காடு பிரித்துக் குறித்தால் கூட்டுத்தொகை 100 ஆகவேண்டும்; அவர்களில் ஒருவர் பணத்தைப் பெறுமுன் இறந்தால் அவருக்குரிய நியமனம் மட்டும் செல்லாது போகும். அவருடைய விழுக்காடு மற்ற நாமினிகளுக்குக் கூடிவிடாது. நியமனம் செய்யப்படாத பணமாக வாரிசுகள் பக்கம் போகும். ஆகவே முந்தி இறப்பதுதான் கவலை என்றால் வரிசைமுறையே பொருத்தமானது. லாக்கருக்கு வரிசைமுறை மட்டுமே அனுமதி.

நாமினியும் இல்லாமல், வாரிசுகளும் அறியாமல் 10 ஆண்டுகள் கிடந்த வைப்புகள் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. அப்படி மாறியபிறகும் வாரிசுகள் அந்தந்த வங்கி மூலமாகவே பணத்தைக் கோரலாம். அத்தகைய வைப்புகளைத் தேட 2023இல் தொடங்கப்பட்ட உத்கம் இணையதளத்தில் கணக்குதாரரின் பெயரோடு பான் எண், வாக்காளர் அட்டை எண், பிறந்த தேதி போன்ற ஏதாவது ஒன்றைக் கொடுக்கவேண்டும்.